பாஸ்கர்வில்: இடம் கேட்கும் எழுத்து

பாஸ்கர்வில் எழுத்துருவை அடையாளம் காண ஒரே ஒரு எழுத்து போதும்: ஆங்கிலத்தின் ஸ்மால் ஜி. மேலே ஒரு சின்ன வட்டம், கீழே அகலமான ஒரு வளைவு. செரிஃப், அதாவது கோடுகளின் முனையில் சின்னக் கால் போன்ற நீட்டல், உள்ள பெரும்பாலான எழுத்துருக்களில் அந்தக் கீழ்வளைவு சுற்றிவந்து மூடிக்கொள்ளும். இதில் மூடாது. வலதுபக்கம் போய், கீழே இறங்கி, இடதுபக்கமாக மேலேறி வரும் கோடு, புறப்பட்ட இடத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும். அந்தச் சின்னத் திறப்பு வழியாகத் தாளின் வெள்ளை உள்ளே வருகிறது. பதினொரு பாயின்ட் அளவில் கதை படித்துக்கொண்டிருக்கும் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை, ஆனால் ஒரு பக்கத்தில் ஜி எத்தனை இடத்தில் வருகிறதோ அத்தனை இடத்திலும் பக்கம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறது.

அப்புறம் கேப்பிடல் க்யூ. அதன் வால் எழுத்துக்கு அடியில் புறப்பட்டு, வலதுபக்கம் வளைந்து நீண்டு, பக்கத்து எழுத்தின் காலடி வரைக்கும் போகும். ஆங்கிலத்தில் க்யூவுக்கு அடுத்து அநேகமாக யூதான் வரும் என்பதால் இரண்டும் ஒரே வீச்சில் எழுதியது போல உட்காரும். கேப்பிடல் ஈயின் மூன்று கைகளில் அடியில் இருப்பது மற்ற இரண்டையும்விட நீளம். கேப்பிடல் ஜே வரியில் நிற்காமல் கீழே இறங்கித் தொங்கும். சீ எழுத்துக்கு மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் செரிஃப் உண்டு. இவற்றைத் தனித்தனியாகச் சொல்லும்போது அலங்காரம் மிகுந்த எழுத்து போலத் தோன்றலாம். ஒரு முழுப் பக்கத்தை அச்சடித்துக் கையில் வைத்துப் பாருங்கள், அத்தனை அமைதியாக இருக்கும்.

புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. பழகிய எழுத்துருக்கள் நிறைய, ஆனாலும் இதனிடம்தான் திரும்பத் திரும்ப வருகிறேன். இதற்குக் காரணம் எழுத்தின் வடிவத்தில் பாதிதான் இருக்கிறது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். இதை உருவாக்கிய மனிதர், எழுத்தோடு சேர்த்துத் தாள், மை, அச்சு இயந்திரம், பக்கத்தின் ஓரம், வரிகளுக்கு நடுவில் விடும் இடம் எல்லாவற்றையும் ஒரே பொருளாக நினைத்துச் செய்தார். அதில் எழுத்தை மட்டும்தான் நாம் ஒரு ஃபைலாக இறக்கிக்கொள்கிறோம். மீதியை நாம்தான் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விட்டுவிட்டு, எழுத்து மெலிந்துபோய் இருக்கிறது, பழசாகத் தெரிகிறது என்று குறை சொல்பவர்கள் நிறைய.

ஜான் பாஸ்கர்வில் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் வுல்வர்லி என்ற சிற்றூரில் பிறந்தவர். 1707 ஜனவரியில் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. இளவயதிலேயே பர்மிங்ஹாமுக்கு வந்து, அழகாகக் கையெழுத்து எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக இருந்தார், கூடவே கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டும் தொழில். எந்தப் பாணியில் கேட்டாலும் கல்லறைக் கல்லில் வெட்டித் தருவேன் என்று விளம்பரமாக அவர் செதுக்கிய ஒரு ஸ்லேட் பலகை இன்றும் பர்மிங்ஹாம் நூலகத்தில் இருக்கிறது. சின்னப் பலகைதான், அதில் வரிக்கு வரி பாணி மாறுகிறது. பிறகு ஜப்பானிங் எனப்படும் தொழிலில் இறங்கினார். உலோகத் தட்டுகள், பெட்டிகள் மேல் அரக்குப் பூச்சு பூசி, சூடு காட்டி, கண்ணாடி போல மெருகேற்றும் வேலை அது. அதில் பெரும் பணம் சேர்ந்தது, ஊருக்கு வெளியே ஈஸி ஹில் என்ற இடத்தில் நிலம் எடுத்து வீடு கட்டிக்கொண்டார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 1750 வாக்கில், அச்செழுத்து செய்யத் தொடங்கினார். வயிற்றுப்பாட்டுக்கு அது தேவைப்படவில்லை. எழுத்தின் மேல் சின்ன வயதிலிருந்தே இருந்த ஆசை, அதைச் செலவு செய்து தீர்த்துக்கொள்ளும் வசதி இப்போது வந்துவிட்டது.

இந்த மூன்று தொழிலும் அவருடைய எழுத்தில் தெரிகின்றன. முதலில் பேனா. அவருக்கு முந்தைய அச்செழுத்துகள், பட்டையான முனை கொண்ட பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதும் வழக்கத்திலிருந்து வந்தவை. அதனால் அவற்றில் ஓ எழுத்தின் தடித்த பகுதி நேராக இடது வலதாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் கையெழுத்து ஆசிரியர்கள் கூர்முனை இறகுப் பேனா பிடித்தவர்கள். அதில் கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும், மேலே ஏறும்போது மயிரிழையாக மெலியும். அந்தக் கை பழகியவர் செய்த அச்செழுத்து என்பதால் பாஸ்கர்விலின் ஓ கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது, தடிமனுக்கும் மெலிவுக்கும் உள்ள வித்தியாசம் கூடியிருக்கிறது, வளைவுகள் உருண்டு அகலமாக இருக்கின்றன. இட்டாலிக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: கேப்பிடல் என், டீ, ஜே எல்லாம் பேனாவின் சுழிப்போடு வரும்.

அப்போது இங்கிலாந்தில் அச்செழுத்து என்றால் லண்டனில் இருந்த வில்லியம் காஸ்லன்தான். துப்பாக்கியில் வேலைப்பாடு பொறிப்பவராகத் தொடங்கி எழுத்து வெட்டுக்கு வந்தவர். 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை முதன்முதலில் அச்சடித்தது காஸ்லன் எழுத்தில்தான். உறுதியான எழுத்து, எந்தத் தாளிலும் எந்த அச்சகத்திலும் ஓடும், எழுத்துக்கு எழுத்து சின்னச் சின்ன ஒழுங்கின்மைகள் இருந்தாலும் வரியாகச் சேரும்போது நன்றாகப் படிக்கவரும். பாஸ்கர்வில் காஸ்லனை மதித்தவர், வெளிப்படையாகப் பாராட்டி எழுதியவர். ஆனால் இன்னும் கொஞ்சம் துல்லியமாக, இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக ஓர் எழுத்து முடியும் என்று நம்பினார். எழுத்துரு வரலாறு எழுதுபவர்கள் காஸ்லனைப் பழைய பாணி என்றும், இத்தாலியின் பொடோனி, பிரான்சின் டிடோ ஆகியோரின் எழுத்தை நவீனம் என்றும் வகைப்படுத்தி, பாஸ்கர்விலை இடைநிலை என்று நடுவில் வைப்பார்கள். இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கிருந்தோ எங்கேயோ போகும் வழியில் நின்றது போல ஒலிக்கிறது. பொடோனியின் மயிரிழைக் கோடுகள் கண்ணை உறுத்தத் தொடங்குவதற்கு முன்னால், சரியான இடத்தில் நின்ற எழுத்து என்றுதான் நான் சொல்வேன்.

எழுத்து எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது சுட்டியால் இழுத்து வளைக்கும் வேலை அப்போது இரும்பில் நடந்தது. ஒரு எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றி, அரத்தாலும் உளியாலும் செதுக்க வேண்டும். இதற்குப் பெயர் பஞ்ச். அதைச் சூடாக்கிக் கடினப்படுத்தி, செம்புத் துண்டில் அடித்து இறக்கினால் பள்ளமாக எழுத்து விழும். அந்தப் பள்ளத்தை அச்சாக வைத்து உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் ஓர் எழுத்து. ஒவ்வொரு அளவுக்கும் இத்தனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எட்டுப் பாயின்ட்டுக்கு வெட்டியதைப் பெரிதாக்கிப் பதினாறு ஆக்க வழி கிடையாது. அதனால் சின்ன அளவில் மெல்லிய கோடுகளைச் சற்றுத் தடிப்பாகவும், பெரிய அளவில் மெலிவாகவும் வெட்டுவது கைவினைஞருக்குத் தானாக வந்தது. பாஸ்கர்விலுக்கு இந்த எஃகு வேலையைச் செய்து கொடுத்தவர் ஜான் ஹேண்டி. வரைந்தது ஒருவர் கை, வெட்டியது இன்னொருவர் கை. ஹேண்டியின் பெயர் எந்த ஃபாண்ட் மெனுவிலும் இல்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

சரி, எழுத்து தயார். அதை அன்றைய வழக்கப்படி அச்சடித்திருந்தால் அந்த நுணுக்கம் ஒன்றும் தெரிந்திருக்காது. அப்போதெல்லாம் தாளை ஈரப்படுத்தி, அதன் பின்னால் மெத்தென்று துணி வைத்து, எழுத்து தாளுக்குள் பதியும்படி அழுத்துவார்கள். மை ஓரங்களில் பிதுங்கும், மெல்லிய கோடு தடித்துவிடும். பாஸ்கர்வில் தன் அச்சு இயந்திரத்தில் அழுத்தும் தட்டையும் அடித்தட்டையும் பித்தளையில் சமமாகச் செய்துகொண்டார். பின்னால் வைக்கும் மெத்தையைக் குறைத்தார். இப்போது எழுத்தின் முகம் மட்டும் தாளைத் தொட்டுவிட்டு விலகும். மையையும் தானே காய்ச்சினார்: ஆளிவிதை எண்ணெயைக் கொதிக்க வைத்து, நுண்ணிய விளக்குக்கரி சேர்த்து, நாள்பட ஆறவிட்டு. அந்தக் காலத்துப் புத்தகங்களில் பல இன்று பழுப்பேறித் தெரியும்போது அவருடைய கறுப்பு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.

தாள் இன்னொரு கதை. கையால் தாள் வடிக்கும் சல்லடையில் அப்போது கம்பிகள் இணைகோடுகளாகப் போகும், அந்தக் கோடுகள் தாளிலும் விழும். வெளிச்சத்தில் பிடித்தால் வரிவரியாகத் தெரியும். ஜேம்ஸ் வாட்மன் என்ற தாள் உற்பத்தியாளர், துணி போல நெருக்கமாக நெய்த கம்பிவலையில் வடித்து, கோடு விழாத வழவழப்பான தாளை உருவாக்கினார். 1757இல் பாஸ்கர்வில் வெளியிட்ட முதல் புத்தகமான, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைத் தொகுப்பின் ஒரு பகுதி அந்தத் தாளில் அச்சானது. மீதிக்குப் பழைய வகைத் தாள்தான். ஆனால் அவர் இன்னொன்றும் செய்தார்: அச்சான தாள்களைச் சூடாக்கிய செப்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். ஈரம் போய், அழுந்திய தடம் போய், மை இறுகி, தாளுக்கு ஒரு மென்பளபளப்பு வந்தது. அரக்குப் பூச்சில் மெருகேற்றிப் பழகியவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வேலை இது.

அந்தப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தை ஸ்கேன் வடிவிலாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். படம் இல்லை, பூவேலை இல்லை, கட்டம் இல்லை, சிவப்பு மை இல்லை. கேப்பிடல் எழுத்துகள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நன்றாக இடம் விட்டு, நடுப்பக்கமாக அடுக்கி வைத்திருக்கிறார். அன்றைய தலைப்புப் பக்கங்கள் எல்லாம் தகவல் அடைத்து, கோடு போட்டு, அச்சகத்தில் இருக்கும் அலங்காரக் கட்டைகளை எல்லாம் இறக்கி வைத்தவை. அவற்றுக்கு நடுவில் இப்படி ஒரு பக்கத்தை வெளியிடத் துணிச்சல் வேண்டும். உள்ளேயும் அப்படித்தான்: அகலமான ஓரங்கள், வரிகளுக்கு நடுவில் தாராளமான இடம். நூலாசிரியர் பெயருக்கும் எழுத்துக்கும் அடுத்தபடி அந்தப் பக்கத்தில் அதிகமாக இருப்பது வெறும் தாள்தான்.

எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. எழுத்து மெலிதாக, கூர்மையாக இருக்கிறது, தாள் மினுங்குகிறது, படித்தால் கண் போய்விடும் என்றெல்லாம் லண்டன் அச்சுத் தொழிலில் பேச்சு கிளம்பியது. இதைப் பற்றி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1760இல் பாஸ்கர்விலுக்கே எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஃபிராங்க்ளின் அடிப்படையில் ஓர் அச்சுக்காரர், இந்த எழுத்தின் ரசிகர். அவரிடம் ஒரு கனவான், பாஸ்கர்வில் நாட்டில் படிக்கிறவர்கள் எல்லோரையும் குருடாக்கப் போகிறார், அந்தக் கோடுகள் அவ்வளவு மெல்லியவை என்று சொல்லியிருக்கிறார். ஃபிராங்க்ளின் உள்ளறைக்குப் போய், காஸ்லனின் எழுத்து மாதிரித் தாளை எடுத்து, பெயர் இருக்கும் மேல்பகுதியைக் கிழித்துவிட்டு, இதோ பாஸ்கர்விலின் மாதிரி, எங்கே குறை காட்டுங்கள் என்று நீட்டினார். அந்தக் கனவான் எழுத்து எழுத்தாகக் குறை காட்டினார். கண் வலிக்கிறது என்றும் சொன்னார். வாழ்நாள் முழுக்க அவர் சிரமமில்லாமல் படித்துவந்த அதே காஸ்லன்! உண்மையைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று ஃபிராங்க்ளின் விட்டுவிட்டார்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் 2012இல் ஒன்று நடந்தது. ஆவணப்பட இயக்குநர் எரல் மாரிஸ், நியூயார்க் டைம்ஸ் இணையதளத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து, பூமி விண்கற்களிடமிருந்து பாதுகாப்பான காலத்தில் இருக்கிறது என்ற அதன் கூற்றை நம்புகிறீர்களா என்று கேட்டார். படிப்பவர்களுக்குத் தெரியாமல் அந்தப் பத்தி ஆறு எழுத்துருக்களில் மாறி மாறிக் காட்டப்பட்டது: பாஸ்கர்வில், ஹெல்வெட்டிகா, ஜார்ஜியா, கம்ப்யூட்டர் மாடர்ன், ட்ரெபுஷே, காமிக் சான்ஸ். சுமார் 45,000 பேர் பதில் சொன்னார்கள். பாஸ்கர்விலில் படித்தவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக உடன்பட்டார்கள், சின்ன வித்தியாசம்தான். பாஸ்கர்விலில் அச்சடித்தால் எதையும் நம்ப வைக்கலாம் என்று இதை வைத்து இணையத்தில் பரப்புகிறவர்களை நான் ஏற்கமாட்டேன், அந்தச் சோதனை அவ்வளவு தூரம் போகவில்லை. எனக்கு இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் பிடித்திருக்கிறது. 1760இல் பெயரைப் பார்த்தார்கள், எழுத்தைப் பார்க்கவில்லை. 2012இல் எழுத்தின் பெயர் யாருக்கும் தெரியாது, எழுத்து தானாக வேலை செய்தது. தொடக்கத்தில் கண்ணைக் கெடுக்கும் என்று சொல்லப்பட்ட கூர்மை இரண்டரை நூற்றாண்டுகளில் நம்பகத்தின் குரலாக மாறிவிட்டது, அதற்குக் காரணம் அந்த எழுத்தில் நாம் படித்து வளர்ந்த புத்தகங்கள் என்பது என் கணிப்பு.

அவருடைய வாழ்நாளில் பணமாக இது எதையும் திருப்பித் தரவில்லை. 1758இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அச்சாளராக நியமிக்கப்பட்டார், அந்த உரிமைக்கு அவர்தான் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 1763இல் அச்சான பெரிய அளவு பைபிள் அவருடைய மிகச் சிறந்த வேலை என்று பலரும் சொல்கிறார்கள். மதநம்பிக்கை இல்லாத ஒருவர் அத்தனை ஈடுபாட்டோடு பைபிளை அச்சடித்திருக்கிறார். அது விற்கவில்லை. எழுத்தையும் கருவிகளையும் மொத்தமாக விற்றுவிடப் பார்த்தார், வாங்க ஆள் கிடைக்கவில்லை. 1775 ஜனவரியில் இறந்தார். தேவாலய நிலத்தில் புதைக்கக் கூடாது என்று உயிலில் எழுதிவைத்தபடி தன் தோட்டத்திலேயே புதைக்கப்பட்டார், 1821இல் அந்த இடத்தில் வேலை நடந்தபோது ஈயச் சவப்பெட்டி வெளியே வந்து, உடல் பல இடங்களுக்கு மாற்றப்பட்டு, கடைசியில் வார்ஸ்டோன் லேன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே சேரா ஈவ்ஸ் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பாஸ்கர்வில் வீட்டுக்கு வீட்டைக் கவனித்துக்கொள்ள வந்தவர், கணவர் ரிச்சர்ட் ஈவ்ஸ் விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தார். சேராவும் பாஸ்கர்விலும் பல வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஊர் பேசியது. 1764இல் ரிச்சர்ட் இறந்ததும் உடனே திருமணம் செய்துகொண்டார்கள். பாஸ்கர்வில் இறந்த பிறகு எழுத்து வார்ப்பகத்தைச் சேராதான் நடத்தினார். 1779இல் அவர் பஞ்சுகளை விற்ற ஆள் யார் தெரியுமா? ஃபிகாரோ நாடகங்களை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் போமார்ஷே. பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரின் முழுத் தொகுப்பைக் கொண்டுவர அவர் திட்டமிட்டிருந்தார். பிரான்சில் வால்டேரின் பல நூல்களுக்குத் தடை இருந்ததால் ரைன் நதிக்கு அந்தப்பக்கம், ஜெர்மனியின் கேல் நகரத்தில் அச்சகம் போட்டார். 70 தொகுதிகளாக வெளிவந்த அந்தப் பதிப்பு பாஸ்கர்வில் எழுத்தில் அச்சானது. பிறகு பஞ்சுகள் பிரெஞ்சு வார்ப்பகங்களில் கைமாறிக் கைமாறி, இங்கிலாந்து அவற்றை ஏறக்குறைய மறந்தே போனது. 1953இல் பாரிஸின் டெபர்னி எ பெய்ன்யோ வார்ப்பகத்தின் ஷார்ல் பெய்ன்யோ அவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கு அன்பளிப்பாகத் திருப்பிக் கொடுத்தார். கிட்டத்தட்ட 175 வருடம் கழித்து வீடு திரும்பிய எஃகுத் துண்டுகள்.

அதற்குள் எழுத்துக்கு மறுபிறவி நடந்துவிட்டது. அமெரிக்கப் புத்தக வடிவமைப்பாளர் புரூஸ் ராஜர்ஸ், 1917 வாக்கில் கேம்பிரிட்ஜில் ஆலோசகராக இருந்தபோது இந்த எழுத்தின் மேல் ஆர்வம் கொண்டு, மூல அச்சுகள் பாரிஸில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தார். 1923இல் மோனோடைப் நிறுவனம் எழுத்து வார்க்கும் தன் இயந்திரங்களுக்காகப் பாஸ்கர்விலை மறுபடி வரைந்து வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் புத்தகங்கள் படித்த எவரும் அந்த மோனோடைப் பாஸ்கர்விலில் ஏதாவது ஒன்றைப் படித்தே இருப்பார்கள்.

இங்கேதான் இன்றைய சிக்கல் தொடங்குகிறது. ஈய எழுத்து தாளில் அழுந்தும்போது மை கொஞ்சம் பரவும், அதனால் கோடு தடிக்கும். மோனோடைப்காரர்கள் அதை எதிர்பார்த்தே மெலிதாக வரைந்தார்கள். பிறகு ஈய எழுத்தே இல்லாமல் தகட்டிலிருந்து அச்சடிக்கும் ஆஃப்செட் வந்தது, கணினி வந்தது, அந்த வரைபடங்களை அப்படியே எடுத்து டிஜிட்டல் ஆக்கினார்கள். இப்போது அழுத்தமும் இல்லை, பரவலும் இல்லை, வரைந்த மெலிவு அப்படியே தாளில் விழுகிறது. அதோடு ஒரே வரைபடத்தை எட்டுப் பாயின்ட்டுக்கும் நாற்பதுக்கும் நீட்டிச் சுருக்கிப் பயன்படுத்துகிறோம், ஹேண்டி ஒவ்வோர் அளவுக்கும் தனியாக வெட்டிய அந்த ஈடுகட்டல் காணாமல் போய்விட்டது. டிஜிட்டல் பாஸ்கர்வில் சோகையாக இருக்கிறது என்ற குறையின் மூலம் இதுதான்.

ஆகவே எந்தப் பாஸ்கர்வில் என்று பார்த்து எடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு வரும் பாஸ்கர்வில் ஓல்டு ஃபேஸ் என்பது, பாஸ்கர்வில் வாழ்ந்த காலத்திலேயே பிரிஸ்டலில் ஃப்ரை வார்ப்பகத்துக்காக ஐசக் மூர் வெட்டிய போலச்செய்தல் எழுத்தின் வழிவந்தது. பெரிய அளவுக்கு உரியது, மயிரிழைகள் மிக மெல்லியவை. தலைப்புக்கு வைத்தால் அபாரமாக இருக்கும், அதில் 200 பக்க நாவலைக் கோர்த்தால் கண்ணுக்குத் தண்டனை. பெயரில் ஓல்டு என்று இருப்பதால் இதுதான் அசல் என்று நம்பி நாவலுக்கு எடுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆப்பிள் கணினிகளில் வருவது மோனோடைப் வழி, நல்ல தாளில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அழகாக உட்காரும். இணையத்துக்கு என்றால் லிப்ரே பாஸ்கர்வில்: 2012 வாக்கில் பாப்லோ இம்பல்லாரியின் குழு, 1941ஆம் வருடத்து அமெரிக்க வார்ப்பு ஒன்றை அடிப்படையாக வைத்துச் செய்தது, இலவசம். ஸ்மால் எழுத்துகளின் உயரத்தைக் கூட்டி, எழுத்துக்குள் இருக்கும் உள்வெளிகளை அகலமாக்கி, தடிமன் வித்தியாசத்தைக் குறைத்திருக்கிறார்கள். திரையில் நன்றாக நிற்கும். ஆனால் மிகவும் அகலம், அச்சில் அதைப் பயன்படுத்தினால் கொஞ்சம் கத்துவது போல இருக்கும், நான் தவிர்ப்பேன்.

1996இல் எழுத்துரு வடிவமைப்பாளர் சுசானா லிச்கோ வெளியிட்ட மிஸஸ் ஈவ்ஸ் எனக்கு மிகவும் பிரியமானது. சேராவின் பெயர்தான். ஈய எழுத்து தாளில் பதியும்போது வரும் அந்தச் சதைப்பற்றைப் பிடிக்க முயன்றிருக்கிறார்: கோடுகளின் வித்தியாசம் குறைவு, ஸ்மால் எழுத்துகள் குட்டை, எழுத்துகளுக்கு நடுவே தளர்வான இடம், அதோடு கைகோத்த கூட்டெழுத்துகள் ஏராளம். இணையதளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் பெயரை அதன் சின்னத்தில் பார்த்திருப்பீர்கள், அது மிஸஸ் ஈவ்ஸ். நீண்ட உரைக்கு அதன் இடைவெளி இடைஞ்சல் தரும், அட்டைக்கும் கவிதைத் தலைப்புக்கும் கொண்டுபோய் வைத்தால் பக்கமே மாறிவிடும். பாஸ்கர்விலையே தலைப்பெழுத்தாக வைத்ததற்கு நல்ல உதாரணம் கனடா அரசின் சொற்சின்னம்: நாட்டின் பெயர், கடைசி எழுத்துக்கு மேல் குட்டிக் கொடி, அவ்வளவுதான். எழுத்தை லேசாக மாற்றியிருக்கிறார்கள், ஆனாலும் பார்த்ததும் தெரிந்துவிடும்.

எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டால், கட்டுரை, நாவல், வரலாறு, கவிதை என்று அமைதியாகப் படிக்க வேண்டிய எதற்கும் எடுக்கலாம் என்பேன். கவிதைக்குக் குறிப்பாக, ஏனென்றால் வரி முடிந்ததும் மிச்சம் இருக்கும் இடத்தோடு இந்த எழுத்து சண்டை போடாது. அகராதிக்கும், பத்திரிகையின் ஒடுக்கமான பத்திகளுக்கும், செயலியின் பொத்தான்களுக்கும் வேண்டாம். டைம்ஸ் நியூ ரோமன் 1932இல் லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காக இடத்தை மிச்சப்படுத்தச் செய்யப்பட்டது, அந்த வேலையைப் பாஸ்கர்விலிடம் கேட்பது நியாயமில்லை. அகலமான எழுத்து, அதே உரைக்குப் பக்கங்கள் கூடத்தான் செய்யும். பக்கம் கூடுகிறது என்று பதிப்பாளர் சொன்னால் எழுத்தைக் குறுக்காக அமுக்கிவிடாதீர்கள், வேறு எழுத்துருவுக்குப் போய்விடுங்கள்.

எடுத்துவிட்டால் வரி இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. மென்பொருள் தானாகத் தருகிற இடைவெளிக்கு மேல் ஒன்றிரண்டு பாயின்ட் கொடுங்கள், ஓரங்களை அகலமாக விடுங்கள். அச்சென்றால் வழவழப்பான, ஆனால் கண்ணைக் கூசாத சற்றே மங்கல் வெள்ளைத் தாள். முழுக்கக் கேப்பிடலில் ஒரு தலைப்பு வந்தால் எழுத்துகளுக்கு நடுவில் இடம் கூட்டுங்கள், 1757இன் தலைப்புப் பக்கத்தில் இருப்பதும் இதே பாடம்தான். போல்டு வேண்டாம். பாஸ்கர்வில் காலத்தில் போல்டு என்ற ஒன்றே கிடையாது, பின்னால் வந்தவர்கள் ஊட்டிவிட்ட கனம் அது, இந்த எழுத்தின் மெல்லிய கோடுகளுக்குப் பக்கத்தில் ஒட்டாமல் நிற்கும். அழுத்தம் தர இட்டாலிக் இருக்கிறது, உயரம் குறைந்த சின்னக் கேப்பிடல்கள் இருக்கின்றன. எண்களில் வரிக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும் பழைய வடிவம் உங்கள் ஃபாண்டில் இருந்தால் உரைக்குள் அதையே போடுங்கள், வருடங்கள் வாக்கியத்தோடு கலந்து போகும். அட்டவணைக்கு மட்டும் சம உயர எண்கள். கிண்டிலில் படிக்கிறவர்கள் எழுத்துருப் பட்டியலில் பாஸ்கர்வில் இருப்பதைப் பார்த்திருக்கலாம். அதைத் தேர்ந்தெடுத்து, எழுத்தை ஒரு படி பெரிதாக்கி, வரி இடைவெளியையும் ஓரத்தையும் ஒரு படி கூட்டி வைத்து நான்கைந்து அத்தியாயம் படித்துப் பாருங்கள், அப்புறம் பழைய அமைப்புக்குப் போய் ஒரு பக்கம் படியுங்கள்.